‘மேலிடத்தில் சொல்லிவிட்டேன்’ என்று ஒரு தலைமைப் பயிற்சியாளர் கைகழுவ முடியுமா?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

வேறோர் இழையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் பற்றிய பேச்சு திசைமாறிப் போனதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அதன் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டர்னோவின் பெயர் எங்கே எழுந்தாலும் ஒரே வாதம் வந்து நிற்கிறது: “அவர் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதற்குமேல் ஒரு பயிற்சியாளர் என்ன செய்ய முடியும்?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த வாதத்தை ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

புதியவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெர்ரி சாண்டஸ்கி பட்டர்னோவின் கீழ் பல்லாண்டு தற்காப்பு ஆட்டப் பயிற்சியாளராக இருந்தவர். 1977இல் வசதியற்ற சிறுவர்களுக்காக ‘செகண்ட் மைல்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வழியாக வந்த பிள்ளைகளைத்தான் அவர் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்பது பின்னர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. 1998இலேயே ஒரு தாய் பல்கலைக்கழகக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடரவில்லை. 1999இல் சாண்டஸ்கி ஓய்வுபெற்றார். ஆனால் கால்பந்துக் கட்டடத்தின் சாவி அவரிடமே இருந்தது.

2001 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்தக் கட்டடத்தின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு மைக் மக்குவேரி என்ற இளம் உதவியாளர் பார்த்துவிட்டார். மறுநாள் காலை பட்டர்னோவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டர்னோ அப்போதே யாரையும் அழைக்கவில்லை. சனிக்கிழமை காலையாக இருந்தது, மற்றவர்களின் வார இறுதியில் குறுக்கிட விரும்பவில்லை என்று பின்னாளில் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் அவரே காரணம் சொன்னார். பிறகு விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் விஷயம் போனது. அங்கிருந்து துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸ், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர். குழந்தைகள் நலத் துறையிடம் சொல்வதாகத்தான் முதலில் திட்டம். சில நாட்களில் அது மாறியது. யோசித்துப் பார்த்ததிலும் ஜோவுடன் பேசியதிலும் தமக்கு அந்தத் திட்டம் ஒப்பவில்லை என்று கர்லி மின்னஞ்சல் எழுதினார். சாண்டஸ்கியிடமே பேசுவது, தொண்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது, சிறுவர்களை வளாகத்துக்கு அழைத்து வரக்கூடாது என்று சொல்வது என முடிவானது. காவல்துறையை ஒருவரும் அழைக்கவில்லை. இத்தனைக்கும் வளாகக் காவல்துறையே ஷுல்ட்ஸின் பொறுப்பில்தான் இருந்தது.

சாண்டஸ்கி கைதானது 2011 நவம்பர் 5. நடுவில் பத்து ஆண்டுகள். 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை 30 முதல் 60 ஆண்டுகள்.

இந்தப் பத்து ஆண்டுகளுக்குப் பட்டர்னோ எவ்வளவு பொறுப்பு?

நீலச்சட்டை

நான் அங்கே படித்தவன். சார்பு உண்டு என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

1966 முதல் 2011 வரை தலைமைப் பயிற்சியாளர். 409 வெற்றிகள். அவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, தம் ஆட்டக்காரர்களைப் படித்துப் பட்டம் வாங்க வைத்தவர் என்பது. பல்கலைக்கழக நூலகத்தில் அந்தத் தம்பதியின் பெயர் இருப்பது அவர்கள் கொடுத்த பணத்தாலும் அவர்கள் திரட்டித் தந்த பணத்தாலும்.

இனி வாதத்துக்கு வருகிறேன். ஒன்று, அன்றைய பென்சில்வேனியா சட்டம் ஊழியர் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும் என்றது. அவர் சொன்னார். இரண்டு, அரசுத் தரப்பு அவர்மீது வழக்குப் போடவே இல்லை. மூன்று, மக்குவேரி தாம் பார்த்ததை வயதில் மூத்த அந்த மனிதரிடம் எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்பதே தெளிவில்லை. நான்கு, “ஜோவுடன் பேசியதில்” என்ற அந்த மின்னஞ்சல் வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஜோ என்ன சொன்னார் என்பது அதில் இல்லையே? பல்கலைக்கழகத்துக்காக விசாரித்த முன்னாள் எஃப்.பி.ஐ. இயக்குநர் லூயிஸ் ஃப்ரீ 267 பக்க அறிக்கை எழுதினார். பட்டர்னோவை விசாரிக்கவில்லை. 2012 ஜனவரி 22இல் நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்துவிட்டார். செத்தவர் பதில் சொல்ல வரமாட்டார் என்ற துணிச்சலில் எழுதப்பட்ட தீர்ப்பு அது.

பதவிநீக்கம் செய்த விதத்தையும் பாருங்கள். 2011 நவம்பர் 9 இரவு ஓர் ஊழியர் வீட்டு வாசலுக்கு வந்து தொலைபேசி எண் எழுதிய தாளைக் கொடுத்தார். பட்டர்னோ அந்த எண்ணை அழைத்தார். நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள் என்றது மறுமுனை. அவ்வளவுதான். அவர் மனைவி திரும்ப அழைத்து, 61 ஆண்டுக்கால உழைப்புக்கு இதைவிட மேலான மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார். உதவிப் பயிற்சியாளராக அவர் அங்கே சேர்ந்தது 1950இல்.

கிழக்குத்தாம்பரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த விளையாட்டே எனக்குப் புதிது. ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றி ஏதோ முதலமைச்சரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறீர்களே, ஏன்? நம் ஊரில் உடற்கல்வி ஆசிரியருக்குக் கல்லூரி முதல்வர் நாற்காலி காட்டினாலே பெரிது.

ஓய்வுபெற்ற நடுவர்

தம்பி, அங்கே அவர் முதலமைச்சரைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்குபவர். விளையாட்டாகச் சொல்லவில்லை. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளருக்கோ கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கோதான். அங்கே மாநில அரசை நடத்தும் ஆளுநர் எங்கோ கீழே இருப்பார்.

ஸ்டேட் காலேஜ் என்பது பென் ஸ்டேட் இருக்கும் ஊரின் பெயர். அங்குள்ள பீவர் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையைவிட இருக்கைகள் அதிகம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் விடுதிகள், உணவகங்கள், வாகன நிறுத்தம், சட்டை விற்பவர் எல்லாருக்கும் பிழைப்பு அந்த அணியால். முன்னாள் மாணவர் கொடுக்கும் நன்கொடையும் தொலைக்காட்சிப் பணமும் அணியின் பின்னால் வருகின்றன. பல்கலைக்கழகத் தலைவர்கள் வருவார்கள், போவார்கள். பயிற்சியாளர் வெற்றி பெறும்வரை அசைக்க முடியாது. காகிதத்தில் அவர் விளையாட்டுத் துறை இயக்குநரின் கீழ் ஊழியர். நடைமுறையில் அந்த இயக்குநர்தான் அவருடைய முகம் பார்த்து நடப்பார்.

இளவேனில்

நடுவர் ஐயா நான் சொல்ல வந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

நீலச்சட்டை அவர்களே, உங்கள் முதல் வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். “மேலதிகாரியிடம் சொன்னார்.” யார் அந்த மேலதிகாரி? 2004 பருவத்தில் அணி 4 வெற்றி, 7 தோல்வி. அதற்கு முந்தைய பருவமும் மோசம். ஸ்பேனியரும் கர்லியும் அவருடைய வீட்டுக்கே போய், ஓய்வுபெறுவதைப் பற்றி யோசியுங்கள் என்றார்கள். பட்டர்னோ மறுத்தார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இதை வெளியே சொன்னவரே பட்டர்னோதான், அதுவும் பெருமையாக. அடுத்த பருவத்தில் 11 வெற்றி, ஒரே தோல்வி. அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

பல்கலைக்கழகத் தலைவரே வீடு தேடி வந்து கேட்டும் அசையாத மனிதர், 2001இல் மட்டும் “நான் என் மேலதிகாரியிடம் தெரிவித்துவிட்டேன்” என்று சாதாரண எழுத்தராக மாறிவிடுகிறார். ஊர்ப் பண்ணையார் ‘மணியக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்’ என்பது போலத்தான் இது எனக்குக் கேட்கிறது. தம் பதவி விஷயத்தில் அவருக்கு மேலே யாரும் இல்லை. ஒரு குழந்தையின் விஷயத்தில் மட்டும் மேலே மூன்று பேர்.

சட்டம் அவரை விட்டது, சரி. கைது நடந்த அதே வாரத்தில் மாநிலக் காவல்துறை ஆணையர் ஃப்ராங்க் நூனன், சட்டக் கடமை முடிந்திருக்கலாம், மனிதக் கடமை முடிந்ததா என்று கேட்டார். பட்டர்னோவும் கடைசியில், இன்னும் செய்திருக்கலாம் என்று விரும்புகிறேன் என்று அறிக்கை விட்டார். அவரே ஒப்புக்கொண்டதை அவருடைய ரசிகர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வழக்குமன்றம்

சட்டப் பகுதியில் மட்டும் சில திருத்தங்கள்.

அன்றைய சட்டம் பற்றி நீலச்சட்டை சொன்னது சரி. அந்த ஓட்டையை அடைத்த திருத்தம் 2014 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது பென்சில்வேனியாவில், தெரிவிக்கக் கடமைப்பட்டவர் தாமே நேரடியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனத் தலைவரிடம் சொன்னதோடு கடமை தீராது. ஒப்பிட வேண்டுமானால், நம் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு தெரிந்துகொண்ட எவரும் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு, நிறுவனப் பொறுப்பாளருக்குக் கூடுதல். சட்டம் இருப்பதும் அது நடப்பதும் வேறு வேறு என்பது நம்மவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, மேலிடத்தில் இருந்தவர்கள் தப்பவில்லை. கர்லியும் ஷுல்ட்ஸும் 2017இல் குழந்தையின் நலனை ஆபத்துக்குள்ளாக்கிய சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியரை ஜூரி குற்றவாளி என்றது. மேல்முறையீடுகளில் இழுத்தடித்து, ஒருமுறை தீர்ப்பு ரத்தாகி, மறுபடி உறுதியாகி, 2021இல் இரண்டு மாதத்துக்கும் குறைவாகச் சிறையில் இருந்துவிட்டு வந்தார். தண்டனை அறிவித்த நாளில் நீதிபதி ஜான் பொக்கபெல்லா பட்டர்னோவையும் விடவில்லை. கையில் அழுக்குப் படாமலேயே அந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை என்பது எனக்குப் புரியவில்லை என்ற பொருளில் பேசினார்.

ஃப்ரீ அறிக்கை பற்றி: அதன் சில முடிவுகள் சான்றைவிட ஒரு படி முன்னே போகின்றன என்பதை நான் ஏற்கிறேன். பட்டர்னோ திட்டமிட்டு மறைத்தார் என்று அந்த மின்னஞ்சல் வரியால் மட்டும் நிறுவ முடியாது. ஆனால் இளவேனில் எழுப்பியது பொறுப்பு பற்றிய கேள்வி. அதற்கு மறைத்தார் என்று நிறுவ வேண்டிய தேவையே இல்லை.

வேக்கோவாசி

பென் ஸ்டேட்டிலேயே நின்றுவிட்டால் ஏதோ ஒரு விதிவிலக்கைப் பற்றிப் பேசுவதாக ஆகிவிடும். நான் இருக்கும் ஊரை, டெக்சாஸின் வேக்கோவைப் பாருங்கள்.

இங்குள்ள பேய்லர், பாப்டிஸ்ட் திருச்சபை மரபில் வந்த பல்கலைக்கழகம். மது கூடாது, நடனம்கூட நெடுங்காலம் தடை. ஆர்ட் பிரைல்ஸ் 2008 பருவத்தில் வந்து தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அணி எல்லாரிடமும் அடிவாங்கிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் தூக்கி நிறுத்தினார். ஆற்றங்கரையில் புதிய மைதானம் 2014இல் திறந்தது. ஊரே கொண்டாடியது, நானும்தான். அதே காலத்தில் மாணவியர் பலர் ஆட்டக்காரர்கள்மீது பாலியல் வன்கொடுமைப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிலர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். பல்கலைக்கழகம் அமர்த்திய வழக்கறிஞர் நிறுவனம் விசாரித்துச் சொன்னதை அறங்காவலர் குழு 13 பக்கச் சுருக்கமாக வெளியிட்டது. முழு அறிக்கை எழுத்தில் தயாராகவே இல்லை, வாய்மொழியாகத்தான் குழுவுக்குச் சொல்லப்பட்டது. எழுதி வைத்தால் நீதிமன்றம் கேட்கும் அல்லவா? 2016 மே மாதம் பிரைல்ஸ் வெளியேற்றப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் பதவியிலிருந்து கென் ஸ்டாரும் இறக்கப்பட்டார். ஆமாம், கிளிண்டனை விசாரித்து அறிக்கை எழுதிய அதே ஸ்டார்.

எனக்கு எரிச்சலூட்டுவது இதற்கு அடுத்து வந்தது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஐந்தாண்டுக்குப் பிறகு, 2021 ஆகஸ்டில் முடிவு சொன்னது. ஒரு மனிதர் நடந்துகொள்ள வேண்டிய அடிப்படை விதத்தில்கூட பிரைல்ஸ் நடக்கவில்லை, வளாகத்தின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்த அளவுகோலிலும் தோற்றார் என்று கடுமையாக எழுதினார்கள். எழுதிவிட்டு, அமைப்பின் விதி எதையும் அவர் மீறவில்லை என்று முடித்தார்கள்! காரணம் என்ன தெரியுமா? அந்த வளாகத்தில் யாருமே யாரைப் பற்றிய புகாரையும் ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை. எனவே ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தனிச்சலுகை காட்டியதாகச் சொல்ல முடியாதாம். பல்கலைக்கழகத்துக்கு வேறு சில சிறிய மீறல்களுக்காக நான்கு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 5,000 டாலர் அபராதமும். அபராதத் தொகையில் பூச்சியம் எதுவும் விட்டுப்போகவில்லை. ஐயாயிரம்தான்.

இதன் பக்கத்தில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜிம் ட்ரெசலை வைத்துப் பாருங்கள். அவருடைய ஆட்டக்காரர்கள் தங்கள் சட்டை, கோப்பை, மோதிரம் போன்றவற்றைக் கொடுத்துப் பணமும் பச்சைகுத்தலும் பெற்றுக்கொண்டார்கள். இது அவருக்குத் தெரிந்தும் மறைத்தார். 2011 மே மாதம் பதவி விலக வேண்டியதாயிற்று. அதோடு விடவில்லை. அடுத்த ஐந்தாண்டுக்கு எந்தக் கல்லூரி அவரைப் பயிற்சியாளராக எடுத்தாலும் அந்தக் கல்லூரி காரணம் சொல்ல வேண்டும் என்று ஆணை. பச்சைகுத்தலுக்கு ஐந்தாண்டு. மாணவியரின் புகார்களுக்கு ஒன்றுமில்லை.

கிழக்குத்தாம்பரம்

பச்சைகுத்தலுக்கா?! நான் பழையபடி கிரிக்கெட் பகுதிக்கே போய்விடுகிறேன்.

இழை மேற்பார்வை

அங்கே இதைவிடச் சண்டை அதிகம், தெரிந்துதானே சொல்கிறீர்கள்? பொதுவாக ஒரு வேண்டுகோள்: பாதிக்கப்பட்டவர்களின் பெயரை, அவர்களே வெளியில் சொல்லியிருந்தாலும், இங்கே எழுத வேண்டாம். ஒரு பதிவை அதற்காக நீக்கியிருக்கிறேன்.

நீலச்சட்டை

வேக்கோவாசி சொன்னதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் அதுவே என் பக்கத்துக்கும் வலு சேர்க்கிறது. விதி இல்லாத இடத்தில் ஆத்திரத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறது.

பாட் ஃபிட்ஸ்ஜெரால்ட் அங்கேயே ஆடி, 2006இலிருந்து அங்கேயே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அணிக்குள் புதியவர்களைக் கேவலப்படுத்தும் கொடுமைகள் நடந்ததாகப் புகார். வெளியாள் விசாரணையில் கொடுமை நடந்தது உண்மை என்று தெரிந்தது. பயிற்சியாளருக்குத் தெரியும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை, தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தது என்றார்கள். 2023 ஜூலை 7இல் இரண்டு வார இடைநீக்கம். மறுநாள் மாணவர் நாளிதழ் விவரங்களை வெளியிட்டது. ஜூலை 10இல் பதவிநீக்கம். மூன்று நாளில் புதிதாக எந்தச் சான்று வந்தது? தலைப்புச் செய்திதான் வந்தது. அவர் 130 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2025 ஆகஸ்டில் சமரசம். எந்த ஆட்டக்காரரும் அவரிடம் புகார் சொன்னதாகவோ, அவர் அதை அனுமதித்ததாகவோ சான்று காட்டவில்லை என்று பல்கலைக்கழகமே அறிக்கை விட்டது.

“உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்பது ஒருவரின் வாழ்நாள் பெயரைப் பறிக்கப் போதுமா?

ஓய்வுபெற்ற நடுவர்

இதில் நீலச்சட்டையோடு பாதிவழி வருவேன். அந்த மூன்று நாள் கூத்தைச் செய்தது நிர்வாகம். முதலில் இரண்டு வாரம் போதும் என்று நினைத்ததும் அவர்கள், அது தவறு என்று கண்டுகொண்டதும் அவர்கள். இரண்டில் ஒன்றையாவது காரணத்தோடு எழுதி வைத்திருக்கலாம்.

மற்றப் பாதி வழியில் நிற்கிறேன். நான் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு நெடுங்காலம் விசில் ஊதியவன். ஓர் அணியின் உடைமாற்றும் அறையில் நடப்பது தலைமைப் பயிற்சியாளருக்குத் தெரியாது என்றால், அவர் தெரிந்துகொள்ளாதபடி ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். எதிரணியின் மூன்றாம் நிலை ஆட்டக்காரன் எந்தக் காலைத் தூக்கி எந்தப் பக்கம் திரும்புவான் என்பது இவர்களுக்குத் தெரியும். தம் பையன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எடை எவ்வளவு, எந்தப் பாடத்தில் தேறவில்லை, எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருப்பார்கள். இந்த ஒன்று மட்டும் தெரியாதாம்.

வழக்குமன்றம்

நடுவர் சொன்னதை என்.சி.ஏ.ஏ. தன் விதியிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது, வேடிக்கை என்னவென்றால் தவறான இடத்தில். 2023இலிருந்து, உதவியாளர்கள் செய்யும் விதிமீறல்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர் தாமாகவே பொறுப்பாகிறார். “எனக்குத் தெரியாது” என்று மறுத்துத் தப்பும் வழியை எடுத்துவிட்டார்கள். ஆட்சேர்ப்புக்குத் தடைசெய்யப்பட்ட வாரத்தில் உதவியாளர் ஒரு பள்ளி மாணவனைப் போய்ப் பார்த்தாலும் பழி தலைமைப் பயிற்சியாளர்மேல் வரும். ஆட்சேர்ப்பு, சலுகை, பயிற்சி நேரம் போன்றவை இந்த விதிக்குள் அடங்கும். வளாகத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்தது அந்தப் புத்தகத்துக்கு வெளியே. இதுதான் பேய்லர் முடிவின் அடிப்படை.

தென்றல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். வெற்றி எண்ணிக்கை வந்தது, சம்பளம் வந்தது, மனைவி தொலைபேசியில் சொன்னது வந்தது. பிள்ளைகள் எங்கே?

சாண்டஸ்கியின்மீதான கடைசி விசாரணை எப்படித் தொடங்கியது? எந்தப் பல்கலைக்கழக அதிகாரியாலும் இல்லை. 2008இல் உயர்நிலைப்பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தாயும் விடாமல் நின்றதால். அந்தப் பள்ளியில் சாண்டஸ்கி தன்னார்வப் பயிற்சியாளராக இருந்தார். செய்தி வெளியானபோது என்ன நடந்தது? பட்டர்னோ நீக்கப்பட்ட இரவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவுக்கு வந்து தொலைக்காட்சி வேனைக் கவிழ்த்தார்கள். யாருக்காக? அந்தப் பையன் தன் பள்ளியில் கேலி தாங்காமல் பள்ளியை விட்டே போக நேர்ந்தது. ஊரின் கால்பந்தைக் கெடுத்தவன் அவன் என்று.

பென் ஸ்டேட் இழப்பீடாகக் கொடுத்தது நூறு மில்லியன் டாலருக்கும் மேல். அந்தப் பணத்தைக் கொடுத்ததில் பட்டர்னோவின் பங்கு எவ்வளவு, ஸ்பேனியரின் பங்கு எவ்வளவு? பல்கலைக்கழகமும் அதன் காப்பீடும் கொடுத்தன. பொறுப்பு என்று நீங்கள் எல்லாரும் பேசுவது பதவி போவதை மட்டும்தான். பதவி போவது தண்டனையே இல்லை, பெரும்பாலும் அதற்குப் பணம் கொடுத்து அனுப்புகிறார்கள். பிரைல்ஸுக்குப் பல மில்லியன் டாலர் கொடுத்துத்தான் ஒப்பந்தத்தை முடித்தார்கள். மக்குவேரியோ வேலையை இழந்து, வழக்குப் போட்டுத்தான் நட்ட ஈடு பெற வேண்டியிருந்தது. பார்த்ததை வாய்திறந்து சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இளவேனில்

தென்றல் அக்கா, ஏற்கிறேன்.

தண்டனை போய்ச் சேரும் இடத்தைப் பற்றி இன்னொன்று. 2012 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. பென் ஸ்டேட்டுக்கு 60 மில்லியன் டாலர் அபராதம், நான்கு ஆண்டு பருவ இறுதிப் போட்டித் தடை, உதவித்தொகைக் குறைப்பு எல்லாம் விதித்தது. 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகளையும் அழித்தது. தடையை அனுபவித்தவர்கள் யார்? 2001இல் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள். வெற்றியை அழிப்பது அதைவிட வெற்று. நடந்த ஆட்டம் நடக்கவில்லை என்று யார் நம்புவது? 2014இல் தடை போனது, 2015 ஜனவரியில் வெற்றிகளும் திரும்பி வந்தன. மைதானத்துக்கு வெளியே இருந்த பட்டர்னோ சிலையை எடுத்ததோடு சரி.

அபராதம் மட்டும் உருப்படியான காரியம். அதுவும் குழந்தைகள் பாதுகாப்புக்குப் போக வேண்டும் என்று விதித்தார்கள், பிறகு பென்சில்வேனியாவுக்குள்ளேயே செலவிட வேண்டும் என்று அரசியல்வாதிகள் வழக்காடினார்கள்.

வேக்கோவாசி

பணம் பற்றி: மேரிலாந்து பல்கலைக்கழகத்தை மறந்துவிடாதீர்கள். 2018 மே மாத இறுதியில் பயிற்சியில் வெப்பத்தாக்கு ஏற்பட்டு ஜோர்டன் மக்னேர் என்ற 19 வயது ஆட்டக்காரர் இரு வாரத்தில் இறந்தார். அவருடைய உடலைக் குளிர்விக்கப் பனிக்கட்டி நீர்த் தொட்டியில் இறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிப் பயிற்சியாளர்களுக்குக்கூட முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது. தலைமைப் பயிற்சியாளர் டி.ஜே. டர்கின் விடுப்பில் அனுப்பப்பட்டார். அக்டோபர் 30இல் மேலாண்மைக் குழு அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. சில ஆட்டக்காரர்கள் அணிக்கூட்டத்திலிருந்து எழுந்து வெளியேறினார்கள். மறுநாள் பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ அவரை நீக்கினார். நீக்கியதற்கு ஐந்து மில்லியன் டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டியதாயிற்று, ஏனெனில் ‘தகுந்த காரணம்’ இல்லாத நீக்கமாம். ஒரு பையன் செத்தது ஒப்பந்தத்தின்படி தகுந்த காரணம் ஆகவில்லை.

வழக்குமன்றம்

அந்த ‘தகுந்த காரணம்’ என்ற பிரிவில்தான் எல்லாம் இருக்கிறது. என் கருத்தில் இந்த இழையின் விடையும் அங்கேதான்.

மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2021இல் தலைமைப் பயிற்சியாளர் மெல் டக்கருக்குப் பத்தாண்டுக்கு 95 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. பாலியல் வன்முறைக்கு எதிராக அணிக்குப் பாடம் நடத்த அழைக்கப்பட்ட பெண்ணிடமே அவர் தவறாக நடந்துகொண்டார் என்று 2023இல் புகார் வெளியானது. இருவரின் சம்மதத்தோடு நடந்தது என்பது டக்கரின் வாதம். அதே செப்டம்பரில் அவரைத் ‘தகுந்த காரணத்தோடு’ நீக்கினார்கள். ஒப்பந்தத்தின் மீதி ஏறத்தாழ 80 மில்லியன் அவருக்கு இல்லாமல் போயிற்று. அவர் வழக்குப் போட்டார், அது வேறு கதை. பாலியல் குற்றம் புரிந்த மருத்துவர் லாரி நாசரின் வழக்கில் 500 மில்லியன் கொடுத்துப் புண்பட்ட பல்கலைக்கழகம் அது என்பதால் ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கூர்ந்து படித்தார்கள் என்று நினைக்கிறேன்.

எனவே கேட்க வேண்டியது இது: “தெரிந்த புகாரை நேரடியாகக் காவல்துறைக்கும் வளாகப் புகார் அலுவலகத்துக்கும் அன்றே தெரிவிக்காவிட்டால், அது தகுந்த காரணம், ஒரு டாலரும் கிடையாது” என்ற வரி தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அரசுப் பல்கலைக்கழக ஒப்பந்தங்கள் பொது ஆவணங்கள். கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஒழுக்கம், நற்பெயர் என்று பொதுவாக எழுதியிருந்தால் வழக்கறிஞர்களுக்குக் கொண்டாட்டம்.

நீலச்சட்டை

அந்த வரி இருந்தால் நான் எதிர்க்கமாட்டேன். முன்னரே எழுதி, கையெழுத்து வாங்கி, அதன்படி நீக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஃப்ரீ அறிக்கை பற்றிய என் கருத்து மாறவில்லை, 2004 வீட்டுச் சந்திப்பைப் பற்றி இளவேனில் சொன்னதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

தென்றல்

வெளியே அனுப்புகிறவரின் ஒப்பந்தம் இருக்கட்டும், உள்ளே எடுக்கிறவரின் பொறுப்பு? டர்கின் பிறகு வேலையில்லாமலா இருந்தார்? ஓலே மிஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஆபர்ன் என்று வரிசையாகத் தற்காப்புப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார்கள். பிரைல்ஸை 2017இல் கனடாவின் ஹாமில்டன் அணி எடுத்து, கூச்சல் எழுந்ததும் அன்றே கைவிட்டது. 2022இல் கிராம்பிளிங் ஸ்டேட் பல்கலைக்கழகம் எடுத்தது, சில நாட்களில் அவரே விலகினார். இரண்டு முறையும் தடுத்தது பொதுமக்களின் எதிர்ப்பு. எடுத்த நிர்வாகிகளில் ஒருவரிடமாவது, யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

வேக்கோவாசி

கேட்கவில்லை. பேய்லரில் அன்று விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த இயன் மக்காவே அதே 2016 நவம்பரில் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் அதே பதவியில் அமர்ந்துவிட்டார். ஆறு மாதம்கூட ஆகவில்லை.